வேதாளத்தின் வினாவும் எல்லைப்புறக் கூட்டு வாசிப்பும்: அம்புலிமாமா மாயக்கதைத் தொடரை முன்வைத்து

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் சிறுவர் இதழ்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குவதுண்டு. அப்பத்தியில் அம்புலிமாமாவின் பெயர் இடம்பெறும். அதன் கதைகள் இடம்பெறுவதில்லை. அவை தெலுங்கிலிருந்து வந்தவை, சிறுவர்க்கு உரியவை, விற்பனை நோக்கில் எழுதப்பட்டவை என்னும் மூன்று காரணங்கள் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ கூறப்படுகின்றன. இம்மூன்றும் ஆசிரியரையும் அச்சகத்தையும் நோக்கி எழுந்தவை. வாசகரை நோக்கி எழுந்த வினா ஒன்றேனும் இவற்றுள் இல்லை. ஒரு மாயக்கதைத் தொடர் எவ்விடத்தில், எவரோடு, எம்முறையில் வாசிக்கப்பட்டது என்று கேட்டால் அதன் இலக்கியத் தகுதி பற்றிய முடிவும் மாறக்கூடும். அம்புலிமாமாவில் பல்லாண்டுகள் வெளிவந்த விக்கிரமன் வேதாளம் தொடரைச் சித்தூர், திருப்பதிப் பகுதியின் இருமொழிச் சூழலில் வைத்து நோக்கி, அது கூட்டு வாசிப்புக்கென்றே அமைந்த வடிவம் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொய்ம்மொழியும் நகரும்

மாயக்கதை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுத்து, அவற்றுள் ஒன்றாகப் பொருள்மரபில்லாப் பொய்ம்மொழியை வைக்கிறார். யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஓரிடம் சென்று ஒன்றைச் செய்தன என்பது போன்ற கதையைப் பேராசிரியர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். உலகில் நிகழாத ஒன்றைச் சொல்லும் உரைக்கும் இலக்கணத்தில் இடமுண்டு என்பதே இதன் பொருள். பொய் என்னும் சொல் இங்குப் பழிப்பாக ஆளப்படவில்லை; வகைப்பெயராகவே ஆளப்படுகிறது.

இப்பொய்ம்மொழி காட்டில் மட்டும் நிகழ்வதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் ஐவகை மன்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் பூதசதுக்கம் ஒன்று. பொய்த்தவ வேடத்தாரையும் பொய்க்கரி உரைப்பாரையும் பிறர்மனை நயப்பாரையும் அவ்விடத்துப் பூதம் கயிற்றால் பிணித்து உண்ணும். நாற்சந்தியில், மக்கள் நடமாட்டத்திற்கு நடுவே மாயம் நிற்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டமோ நகரின் மதிலை அடுத்த சுடுகாடு. இரட்டைக் காப்பியங்கள் மாயத்தை நகரின் நடுவிலும் விளிம்பிலும் நிறுத்துகின்றன. 1943-இல் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைச் சென்னையின் பிராட்வே, எஸ்பிளனேட் சந்தியில் நிறுத்தித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கச் செய்தபோது, தெரிந்தோ தெரியாமலோ அப்பழஞ்சந்தியையே புதுப்பித்தார் எனலாம்.

வேதாளக் கதையும் இவ்வகையினதே. அதன் களம் நகர்ப்புறத்துச் சுடுகாடு. அரசன் ஊருக்குள் இருப்பவன். வேதாளம் ஊருக்கு வெளியே மரத்தில் தொங்குவது. வேதாளம் சொல்லும் கதைகளோ வணிகர், அமைச்சர், கள்வர், கணிகையர், காவலர் நிறைந்த நகர்க் கதைகள். ஆனால் புகாரின் பூதத்திற்கும் இவ்வேதாளத்திற்கும் ஓர் அடிப்படை வேறுபாடுண்டு. பூதம் தண்டிக்கிறது; வேதாளம் வினவுகிறது. அடைக்கலக் காதையில் பொய்க்கரி உரைத்தவனைக் காக்கத் தன்னுயிரைத் தர முன்வந்த கோவலனின் வேண்டுதலைப் பூதம் ஏற்கவில்லை. முடிந்த தீர்ப்பை அது நிறைவேற்றும் கருவி. வேதாளம் தீர்ப்பை இனிமேல்தான் கேட்கப்போகிறது. அதனால்தான் அதன் கதைக்குக் கேட்போர் தேவைப்படுகின்றனர்.

ஒரு கதை, இரண்டு எழுத்து

1947 சூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் சந்தமாமாவும் தமிழில் அம்புலிமாமாவும் வெளிவரத் தொடங்கின. தோற்றுவித்த பி. நாகிரெட்டி (1912–2004) சித்தூரை அடுத்த கடப்பை மாவட்டத்தவர். உடன் நின்றவர் சக்கரபாணி (1908–1975). இருவரும் விஜயா நிறுவனத்தின் வழியே 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) ஆகிய படங்களைத் தந்தவர்கள் என்பதை நினைவுகூர்ந்தால், திரையிலும் இதழிலும் மாயம் ஒரே பட்டறையில் உருவானது விளங்கும். காலப்போக்கில் இதழ் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பரவியது.

1952 முதல் 1980-இல் மறையும்வரை ஆசிரியப் பணியைச் சுமந்தவர் கொடவடிகண்டி குடும்பராவ். அவர் பகுத்தறிவு நோக்கினர், இடதுசாரி எழுத்தாளர், 1970-இல் தோன்றிய புரட்சி எழுத்தாளர் சங்கத்தில் பங்கேற்றவர். அத்தகையவர் பேயும் பிசாசும் உலவும் இதழை ஏறத்தாழ முப்பதாண்டுகள் நடத்தியதை முரண் என்று கருதுவோர் உண்டு. வேதாளத் தொடரின் அமைப்பை நோக்கினால் அது முரணன்று என்பது பின்னர்ப் புலப்படும். 1954-இல் தொடங்கித் தாசரி சுப்பிரமணியம் எழுதிய நெடுந்தொடர்களும், 1950-களில் தொடங்கிய வேதாளக் கதைகளும் இதழின் இரு தூண்களாயின.

ஓவியங்களை வரைந்தோருள் முதன்மையானவர் கே.சி. சிவசங்கரன் எனும் சங்கர் (1924–2020). வாளேந்திய அரசன் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் புகழ்பெற்ற ஓவியம் அவருடையது. அவர் தமிழர். மறைவுக்குப்பின் 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கதை தெலுங்கில் எழுதப்பட்டது; ஓவியம் தமிழரால் வரையப்பட்டது; அச்சானது இரு மொழியினரும் உரிமை கோரிய நகரில். மூலம், மொழிபெயர்ப்பு என்னும் இருமை இவ்விடத்தில் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரே மாதத்தில், ஒரே ஓவியத்தின்கீழ், இரண்டு எழுத்துகளில் வெளியான பொதுப்பிரதி என்பதே சரியான விளக்கமாகும்.

இது வெளிவந்த காலமும் கருதத்தக்கது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கியது. மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைக் கிளர்ச்சியும், படாஸ்கரின் பரிந்துரையும், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் தொடர்ந்தன. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. ஊர் ஊராகப் பேசுமொழியை எண்ணிக் கோடு கிழிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், கோட்டின் இருபுறமும் ஒரே வேதாளம் ஒரே மாதத்தில் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இதனை ஒற்றுமைக்குச் சான்றென்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. வணிக ஏற்பாடு என்று தள்ளவும் வேண்டியதில்லை. எல்லைப்புற வாசகனுக்கு மட்டும் முழுமையாகக் காணக்கிடைத்த ஓர் இலக்கிய நிகழ்வு இது என்பதே இங்குக் கருத வேண்டியது.

வேதாளத் தொடரின் அமைப்பு

வேதாளக் கதைகளின் பழைய வடிவங்களுள் ஒன்று 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் உள்ளது. தமிழில் இது விக்கிரமாதித்தன் கதையோடு இணைந்து வழங்கியது. தமிழ் வேதாளக் கதையை பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1831-இல் வெளியிட்டார். எனவே அம்புலிமாமாவின் வழியே தமிழுக்கு இக்கதை முதன்முதலாக வந்தது என்பது தவறு. தமிழில் முன்பே வழங்கிய சட்டகத்திற்குள் புதிய கதைகள் வந்தன என்பதே சரி.

பழைய வடிவத்திற்கு முடிவுண்டு. அரசன் விடை கூற இயலாத ஒரு வினா வரும். அவன் வாய் திறவாது நடப்பான். சுமை உரிய இடம் சேரும். அம்புலிமாமாவில் அவ்வினா வரவில்லை. மாதந்தோறும் விக்கிரமன் மரத்தடிக்குத் திரும்பினான். பழங்கதைகள் முடிந்தபின் பல நூறு புதுக்கதைகள் அச்சட்டகத்திற்குள் எழுதப்பட்டன. இதனை வணிகத் தேவை என்று மட்டும் விளக்குவது எளிது. ஆனால் இம்மாற்றம் கதையின் இயல்பையே மாற்றியது. பழைய கதை ஒரு வேள்வியை நோக்கிய பயணம். புதிய தொடரில் பயணத்தின் நோக்கம் பின்னுக்குச் சென்று, வினாவும் விடையும் முன்னுக்கு வந்தன.

வினாவின் தன்மையும் மாறியது. பழைய கதைகளில் வினா பெரும்பாலும் உரிமை பற்றியது: இவள் யாருக்கு மனைவி, இவன் யாருக்கு மகன், குற்றம் யாருடையது. அம்புலிமாமாக் கதைகளில் வினா பெரும்பாலும் நோக்கம் பற்றியது. தனக்குக் கிடைத்த பதவியை ஒருவன் ஏன் மறுத்தான்? தன்னை இகழ்ந்தவனுக்கே ஏன் உதவினான்? முன்பு ஒன்று சொல்லிப் பின்பு வேறொன்று செய்தது அறியாமையா, ஆணவமா? ஒரு பாத்திரத்தின் செயலில் தோன்றும் முரணை எடுத்துக்காட்டி அதற்கு விளக்கம் கேட்கிறது வேதாளம். கதைக்குள் முன்பே சொல்லப்பட்ட சிறு குறிப்புகளைத் தொகுத்து, அம்முரண் மேலோட்டமானது என்று காட்டுகிறான் அரசன்.

இது உரையாசிரியரின் பணியாகும். ஐயம் எழுப்பி, பிரதியின் உள்ளிருந்தே சான்று காட்டி, அமைதி கூறும் முறை தமிழ் உரைமரபில் நெடிது நிலைபெற்றது. அகப்பாடலில் கூற்று யாருடையது, அதன் உட்கருத்து யாது என்று வினவும் உரைகாரரின் நோக்கும், பாத்திரத்தின் செயலுக்கு உட்காரணம் தேடும் விக்கிரமனின் நோக்கும் ஒரு தன்மையன. மாயம் இங்கு உறையாக நிற்கிறது. உள்ளே இருப்பது தருக்கம். விடை தெரிந்தும் சொல்லாவிடின் தலை வெடிக்கும் என்னும் நிபந்தனை அச்சுறுத்தலாகத் தோன்றினும், அறிந்தவன் வாளாவிருத்தல் குற்றம் என்னும் கொள்கையே அதன் சாரம். குடும்பராவ் போன்ற பகுத்தறிவாளர் இத்தொடரைப் பேணியதில் முரண் இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

எல்லைப்புறத்தில் வாசகர்

சித்தூர் மாவட்டத்தில் தமிழை வீட்டுமொழியாகவும் தெலுங்கைப் பள்ளிமொழியாகவும் கொண்ட குடும்பங்கள் பல. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபின் இவ்வாசகர் இரு மாவட்டங்களில் அடங்குகின்றனர். இத்தகைய வீட்டில் எழுத்தறிவு தலைமுறைதோறும் வேறுபடுவது இயல்பு. மூத்தோர் தமிழெழுத்து அறிவர். இளையோர் தெலுங்கெழுத்து அறிவர். இருவரும் பேசுவது ஒரே தமிழ். அங்கு ஒருவர் கையிலுள்ள இதழை மற்றவர் தாமே படித்துக்கொள்ள இயலாது. ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்க வேண்டும். அல்லது ஒரே மாதத்து இரு இதழ்களையும் எதிரெதிரே வைத்து ஓவியத்தைத் துணைகொண்டு பக்கத்தைக் கண்டறிய வேண்டும். கூட்டு வாசிப்பு இவர்களுக்குப் பொழுதுபோக்கின் விளைவன்று, எழுத்துநிலையின் கட்டாயம்.

இக்கட்டாயத்திற்கு இந்நிலத்தில் முன்மரபும் உண்டு. பனம்பாரனாரின் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகக் கூறும் வேங்கடமலையில் மார்கழித் திங்களில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. ஆந்திர வைணவர் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தெலுங்கெழுத்தில் அச்சிட்டு ஓதிவருகின்றனர். தமிழ்ப்பாடல் தெலுங்கெழுத்தில் நின்று, கோஷ்டியாகச் சேவிக்கப்படும்போது மீண்டும் தமிழாகிறது. எழுத்து வேறு, மொழி வேறு என்பதைத் திருப்பதி வட்டாரம் ஏட்டறிவாக அல்லாமல் செவியறிவாகவே அறிந்து வந்துள்ளது. பத்தி இலக்கியத்திற்குக் கிடைத்த இவ்வாய்ப்பு மாயக்கதைக்கும் கிடைத்தது என்பதில் வியப்பில்லை.

கூட்டாகக் கற்பதன் பயனை நன்னூலார் கணக்கிட்டே கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுதலால் ஒரு கால். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரை. இக்கணக்கை வேதாளத் தொடருக்குப் பொருத்திப் பார்க்கலாம். அச்சிட்ட கதை தருவது கால். வினாவுக்கும் விடைக்கும் இடையே படிப்பவர் நிறுத்தும்போது கேட்போர் தம்முள் வழக்காடுவது ஒரு கால். தெலுங்கில் படித்ததைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது சொல்பவர் அடையும் தெளிவு அரை. தனிவாசகர் கண்ணை ஓட்டி விடையை உடனே படித்துவிட முடியும். கேட்போரோ படிப்பவர் வாய் திறக்கும்வரை தம் விடையோடு காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியே இத்தொடரின் இலக்கியப் பயன் நிகழும் இடம்.

அரசனின் விடையும் அதன் குறையும்

இத்தொடரின் குறைகளை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. முதற்குறை, இறுதிச்சொல் எப்போதும் அரசனுடையது என்பது. வேதாளம் அவன் விடையை மறுப்பதில்லை. அரசன் மௌனம் கலைந்ததும் உடலோடு மரத்திற்குத் திரும்புகிறது. கதைக்குள் துன்புற்றவர் வினவப்படுவதில்லை. பெண்ணின் செயலுக்கும் ஏவலனின் செயலுக்கும் அரசனே நோக்கம் கற்பிக்கிறான். அவன் காணும் நியாயம் பெரும்பாலும் ஆட்சிக்கும் குடும்ப ஒழுங்குக்கும் உகந்த நியாயமாகவே அமைகிறது. தனிவாசிப்பில் இவ்விடை முடிந்த முடிபாக மனத்தில் படிகிறது.

கூட்டு வாசிப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. சோமதேவர் கூறும் மந்தாரவதியின் கதையை எடுத்துக்கொள்ளலாம். அவளை விரும்பிய மூவருள், அவள் இறந்தபின் ஒருவன் அவள் சாம்பலின்மீதே படுத்துக் கிடந்தான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு சென்றான். ஒருவன் அலைந்து திரிந்து உயிர்ப்பிக்கும் மந்திரத்தோடு வந்தான். உயிர் தந்தவன் தந்தை, எலும்பைச் சுமந்தவன் மகன், சாம்பலை விட்டு நீங்காதவனே கணவன் என்பது அரசனின் தீர்ப்பு. நால்வர் கூடிக் கேட்கும் இடத்தில் மூன்று கட்சிகள் எழுவது திண்ணம். அவளைக் கேட்க வேண்டாவா என்னும் நான்காம் கட்சியும் எழக்கூடும். அச்சில் அந்நான்காம் கட்சிக்கு இடமில்லை, திண்ணையில் உண்டு. பிரதி அடைத்த வாயிலை வாசகர் குழு திறக்கிறது. ஒரு தொடரின் கருத்தியலை ஆராய்வோர் அச்சிட்ட விடையை மட்டும் சான்றாகக் கொள்வது போதாது என்பதற்கு இது தக்க காட்டாகும்.

இரண்டாவது குறை நிலமின்மை. அம்புலிமாமாக் கதைகளின் நகரங்களுக்குப் பெயருண்டு; நிலமில்லை. மாந்தர் பெயர்கள் எம்மொழிக்கும் பொதுவான வடமொழிப் பெயர்கள். நடை எளியது, சிறு தொடர்களால் ஆனது, வட்டார வழக்கு அற்றது. பன்னிரண்டு மொழிகளில் ஒரே ஓவியத்தோடு செல்ல வேண்டிய கதைக்கு இது தேவைப்பட்டது. முதற்பொருளாகிய நிலத்தை முதன்மையாகக் கொண்ட தமிழ்க் கவிதையியலின் நோக்கில் இது பெருங்குறையே. புகாரின் பூதசதுக்கத்தைச் சந்தியின் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது; விக்கிரமனின் சுடுகாட்டைக் காட்ட முடிவதில்லை. வேங்கடத்தின் அடிவாரத்தில் அமர்ந்து கேட்ட கதையில் வேங்கடம் இல்லை. எடுத்துரைப்பவர் ஊரின் ஏரியையும் மலையையும் உறவுமுறைச் சொற்களையும் இட்டு நிரப்பிக்கொள்ளும் இடமாகவும் அவ்வெற்றிடம் அமைந்தது என்பதையும் உடன் கூற வேண்டும். அவ்வாறு நிரப்பப்பட்டவை அச்சேறவில்லை. ஆகவே இலக்கிய வரலாற்றிலும் ஏறவில்லை.

முடிவுரை

அம்புலிமாமாவும் சந்தமாமாவும் 1998-இல் தடைப்பட்டு, மறு ஆண்டு மீண்டு, 2007-இல் கைமாறி, 2010-களின் தொடக்கத்தில் நின்றன. வேதாளம் தன் இறுதி வினாவைக் கேளாமலே தொடர் நின்றுவிட்டது. பழைய இதழ்களைத் தேடித் தொகுத்துப் பகிர்ந்துகொண்டவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சிறுவயதில் வாசித்தவர்களே. நூலகங்களின் தொகுப்புகள் அந்த அளவுக்குத் துணைநிற்கவில்லை.

இதுகாறும் கூறியவற்றால், வேதாளத் தொடர் உரைமரபின் வினாவிடை முறையைச் சிறுவர் கதைக்குள் கொணர்ந்தது என்பதும், வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட இடைவெளியால் அது கூட்டு வாசிப்பை வேண்டி நிற்கும் வடிவம் என்பதும், அரசனின் ஒருதலைத் தீர்ப்பைக் கேட்போரின் வழக்காடலே ஈடு செய்தது என்பதும், தமிழையும் தெலுங்கையும் ஒருசேர வழங்கிய சித்தூர், திருப்பதி வாசகர்க்கே இப்பொதுப்பிரதியின் முழுமை கிட்டியது என்பதும் பெறப்படும்.

இக்கதைகள் தமிழுக்கு உரியனவா, தெலுங்குக்கு உரியனவா என்னும் வினாவுக்கு மந்தாரவதி கதையின் தீர்ப்பே ஒரு வழி காட்டுகிறது. உயிர் தந்த மொழி ஒன்று. சுமந்து சென்ற மொழிகள் பல. நீங்காது உடனிருந்தவர் வாசகர். உரிமையை அவர்களிடமிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டும். வாய்விட்டுப் படித்த தலைமுறை சித்தூரிலும் திருப்பதியிலும் குப்பத்திலும் முதுமை எய்தி வருகிறது. திருவேங்கடவன் பல்கலைக்கழகம், திராவிடப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் தமிழ், தெலுங்குத் துறைகள் இணைந்து அவர்தம் வாசிப்பு நினைவுகளையும், அவர்கள் கதைக்குள் இட்டு நிரப்பிய ஊர்ப்பெயர்களையும், அரசனை மறுத்துச் சொன்ன விடைகளையும் பதிவுசெய்தல் வேண்டும். அச்சிட்ட இதழைப் பின்னரும் தேடிக்கொள்ளலாம். அவ்விடைகளைக் கேட்க வேண்டிய காலம் இதுவே.